நூலில் கட்டிய பேனா

ஓர் ஊரில் ஒரு நூலகம் இருந்தது. பெரிய கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். ரேஷன் கடைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் ஓடு வேய்ந்த ஓர் அறை, அவ்வளவுதான். அந்த அறையின் வாசல் மேசையில் ஒரு பேனா இருந்தது.

நீல மைப் பேனா. அதன் கழுத்தில் நூலைச் சுற்றி, மறு முனையை மேசையில் இருந்த ஆணியில் கட்டியிருந்தார்கள். ஒரு முழ நூல். அந்த ஒரு முழத்துக்குள்தான் பேனாவின் பிழைப்பு.

பேனாவுக்குக் கூச்சம் அதிகம். யாராவது கையில் எடுத்தால் எழுதும். எடுக்காவிட்டால் 'என்னை எடுங்க' என்று கேட்காது. கேட்டுவிடலாம் என்று வார்த்தை வாய் வரைக்கும் வரும். அப்புறம் தொண்டையிலேயே நின்றுவிடும்.

பேனாவுக்குப் பக்கத்தில் வருகைப் பதிவேடு படுத்திருந்தது. தடித்த அட்டை, சிவப்பு முதுகு, நடை உடை எல்லாம் ஆபீஸ்தான். பேசினாலும் ஆபீஸ் பேச்சுத்தான் பேசும்.

"என்னில் எழுதப்பட்டது நடந்தது. எழுதப்படாதது நடக்கவில்லை" என்று அடிக்கடி சொல்லும்.

அதன் ஒவ்வொரு பக்கத்திலும் கோடு கிழித்து நாலு கட்டம் போட்டிருந்தது. பெயர், ஊர், படித்த நூல், கையொப்பம்.

அறையின் உள்மூலையில் கம்ப்யூட்டர் இருந்தது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அரசாங்கத்திலிருந்து வந்து இறங்கியது. நூலகர் அருமைநாயகம் அதற்குத் தன் வீட்டுத் தலையணை உறையைக் கொண்டுவந்து மாட்டினார். ஆயுத பூசைக்குப் பொட்டும் வைத்தார். ஆறு மாதம் வரைக்கும் அதை ஒருவரும் தொடவில்லை. தொட்டால் கெட்டுப்போகும் என்று பயம்.

முதலில் தொட்டது முத்துப்பேச்சி. பீடி சுற்றுகிறவள், வாய் துடுக்கு. ரேஷன் கார்டில் மருமகள் பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. "ஏதோ மவுஸைப் பிடின்னாரு, பிடிச்சேன். அதுவும் கடிக்கல, நானும் விடல" என்று பீடிக்கடையில் போய்ச் சொன்னாள். மறுநாள் ஏழெட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள்.

அன்றைக்குத்தான் அந்தத் தப்பு நடந்தது.

பெண்கள் வேலை முடிந்து கிளம்பும்போது அருமைநாயகம் சொன்னார். "எம்மா, அந்த நோட்டுல ஆளுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

பேனாவுக்குச் சந்தோஷம். முத்துப்பேச்சி அதைக் கையில் எடுத்தாள். அவள் விரலில் புகையிலை வாசம் அடித்தது. குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"பெ-யர்... ஊ-ர்... ப-டி-த்-த நூல்... யாத்தே! படித்த நூலாம்லா! நாம என்னத்தப் படிச்சோம்? பீடிக்குக் கட்டுத நூலை எழுதவா?"

எல்லாரும் சிரித்தார்கள். நூலகரும் சிரித்துவிட்டார். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. இடுப்பில் கைப்பிள்ளையோடு நின்றிருந்தாள். பேர் செண்பகவடிவு.

"வேண்டாம்க்கா" என்றாள் மெதுவாக. "படிக்காமலே படிச்சோம்னு எழுதுனா பொய்யாயிரும். கவர்மெண்டு நோட்டு. நாளைக்கு ஏதாச்சும் வந்துச்சுன்னா?"

முத்துப்பேச்சி பேனாவை இருந்த இடத்திலேயே வைத்தாள். அருமைநாயகமும், "சரி விடுங்க" என்றார். அவர் நல்ல மனுஷன். யாரையும் வற்புறுத்த வராது.

அன்றிலிருந்து அது வழக்கமாகிப் போனது. புத்தகம், பேப்பர் படிக்கிறவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். கம்ப்யூட்டருக்கு வருகிறவர்கள் மேசையைத் தாண்டி ஒதுங்கிப் போவார்கள், பந்தியில் அடுத்தவர் இலையைத் தாண்டிப் போகிற மாதிரி.

சாயங்காலம் கதவைச் சாத்தியதும் மேலே இருந்த மின்விசிறி பேச்சுக் கொடுக்கும். அதற்கு ஊர்க்கதை வேண்டும்.

"ஏ பதிவேடு, இன்னைக்கு எத்தன பேரு?"

"வருகை தந்தோர் நால்வர்."

"நாலா? நான் மேல இருந்து பாத்தேன், பதினாலு தலை தெரிஞ்சுதே."

"என்னில் எழுதியோர் நால்வர்."

"அந்த நாலுல கண்டக்டர் சண்முகையா ஒருத்தரு. ரிட்டயர் ஆனதுலேர்ந்து எனக்குக் கீழ உக்காந்து பேப்பரை மூஞ்சில போட்டுத் தூங்குதாரு. அவரத் தூங்க வைக்கத்தான் நான் சுத்துதேன். அவரும் வாசகராக்கும்?"

"கையொப்பம் இட்டுள்ளார். படித்த நூல், தினசரி."

மின்விசிறி இறக்கையை ஆட்டிச் சிரித்தது. மூலையில் இருந்து கம்ப்யூட்டர் சொன்னது: "விடுங்க. எனக்குப் பேரு வேண்டாம். வந்தவங்க காரியம் முடிஞ்சாச் சரி."

பேனாவுக்கு மட்டும் உறுத்தியது. 'இப்படியே போனா ஒருநாள் கேப்பாங்களே' என்று நினைத்தது. சொல்லவில்லை. பெரியவர்கள் பேசுகிற இடத்தில் ஒரு முழ நூலுக்கு என்ன பேச்சு என்று இருந்துவிட்டது.

கம்ப்யூட்டருக்கு வந்த எல்லாரையும்விடப் பேனாவுக்குச் செண்பகவடிவைத்தான் பிடிக்கும். அவளும் அதைப் போலத்தான். கேட்க வந்ததைக் கேட்காமல் பாதியில் நிறுத்திவிடுவாள். அவள் புருஷன் கேரளாவில் கட்டட வேலை. வீட்டில் பீடித்தட்டுதான் சோறு போட்டது. அவள் இலை வெட்டித் தூள் வைக்கும்போதெல்லாம் பக்கத்தில் கிடக்கும் பிள்ளை தும்மும். தும்மல் இருமலாகி, இருமல் மார்ச்சளியாகி, ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொல்லிவிட்டார்: "ஒண்ணு தட்டைத் தூக்கி வெளிய வை, இல்லன்னா பிள்ளையைத் தூக்கி வெளிய வை."

அந்த மாதம் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத்துக்குச் சமையல் உதவியாள் எடுக்கிறதாக அறிவிப்பு வந்தது. எட்டாவது படித்திருந்தால் போதும். ஆனால் மனுவைக் கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும். செண்பகவடிவு எட்டாவது பாஸ்.

"டவுன்ல கடை இருக்குல்லாட்டி, காலைல போய் மத்தியானம் வந்துரலாம்" என்றாள் முத்துப்பேச்சி.

"அந்தக் கடைக்காரன் முந்தி ஒரு கார்டுக்கு என் பேரை செண்பகவல்லின்னு அடிச்சிட்டான்க்கா. இல்ல தம்பி, வடிவுன்னேன். எல்லாம் ஒண்ணுதான், சீக்கிரம் நகருங்கன்னுட்டான். அந்த வல்லியை வடிவாக்க நான் ஒரு வருஷம் அலைஞ்சேன். இதை நானே அடிக்கேன். மெதுவா அடிச்சாலும் என் பேரு என் பேராவே இருக்கும்."

மெதுவாகத்தான் அடித்தாள். பேரை அடிக்கவே முதல் நாள் முழுசும் ஆனது. ஒவ்வோர் எழுத்தையும் தேடிக் கண்டுபிடித்து, சூடு பார்க்கிற மாதிரி ஒற்றை விரலால் தொட்டாள். பிள்ளை அவள் மடியில் இருந்துகொண்டு கட்டைகளைத் தட்டப் பார்க்கும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்வாள்.

"அவசரமில்ல" என்று கம்ப்யூட்டர் தன் பாஷையில் சொன்னது. "மெதுவா அடிங்க. நான் எங்கயும் போயிற மாட்டேன்."

இரண்டாம் நாள் அது அவளிடம் ஒன்று கேட்டது. "உங்க பாஸ்வேர்டை நான் ஞாபகம் வச்சுக்கவா?" நூலகர் படித்துச் சொன்னார். செண்பகவடிவுக்கு ஆச்சரியம். அவளுக்காக ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்கிறேன் என்று அதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை. "வச்சுக்கோ" என்றாள், ஆளிடம் சொல்கிற மாதிரி.

ஆறு பக்க மனு. செவ்வாய்க்கிழமை வரைக்கும் நாலு பக்கம் முடிந்திருந்தது. கடைசி நாள் வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் நூலகருக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் அதை மேசையில் வைத்து முணுமுணுத்துப் படித்தார். கணினிப் பயன்பாடு குறித்து மறுநாள் ஆய்வு. உரிய பதிவேட்டினைத் தயாராக வைத்திருக்கவும்.

"என்னைத்தான்!" என்று பதிவேடு நெஞ்சை நிமிர்த்தியது.

கம்ப்யூட்டருக்கு வந்த ஒரு பேர்கூட அதில் இல்லை என்று பேனாவுக்குத் தெரியும். செண்பகவடிவு அப்போதுதான் வேலை முடிந்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மேசைப் பக்கம் வந்தாள். பேனா தன் கூச்சத்தையெல்லாம் மறந்தது. 'ஒரு பேராவது, ஒரே ஒரு பேராவது' என்று உருண்டது. உருண்டு மேசை விளிம்பைத் தாண்டி விழுந்தது. நூல் பிடித்து இழுக்க, அவள் கால் விரலில் தட்டித் தொங்கியது.

செண்பகவடிவு பதறிப் போனாள். குனிந்து பேனாவை எடுத்தாள். எழுதுகிற பொருள், காலில் பட்டுவிட்டது. இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். பிள்ளையின் கண்ணிலும் ஒற்றினாள். பிறகு பதிவேட்டின் மேல், கோணாமல், நேராக வைத்துவிட்டுப் போனாள்.

பேனா அப்படியே கிடந்தது. அவளுக்கு அதன் மேல் இருந்த மரியாதையாலேயே, எழுத முடியாமல் போய்விட்டது.

மறுநாள் பதினோரு மணிக்கு அதிகாரி வந்தார். சிடுசிடுப்பான ஆள் இல்லை. டீ வேண்டாம் என்றார், மோர் கொடுத்தால் குடிப்பேன் என்றார். பதினோரு மணி என்பது பீடிக்கடையில் பெண்கள் கட்டுகளை ஒப்படைக்கிற நேரம். அறையில் கண்டக்டர் சண்முகையா மட்டும் இருந்தார். அவர் முகத்தில் பேப்பர் ஏறி இறங்கியது.

அதிகாரி பதிவேட்டைத் திறந்தார். அது தானாகவே விரிந்து கொடுத்தது.

"கம்ப்யூட்டருக்கு யாரு வாராங்க சார்?"

"நிறையப் பொம்பளைங்க வாராங்க சார். தினமும் பத்துப் பேருக்குக் கொறையாது."

"பேரக் காணுமே."

"அவங்க... வந்து... புஸ்தகம் படிக்கலையேன்னு கையெழுத்துப் போட மாட்டாங்க சார்."

அதிகாரி இன்னும் சில பக்கம் புரட்டினார். "நான் உங்கள நம்புதேன். நான் நம்பி என்ன செய்ய? மேல காட்டணும்லா. இவ்வளவு நாள்ல ஒரு பேரு கூட இல்லையே."

கம்ப்யூட்டர் முதல் தடவையாகப் பதிவேட்டிடம் கெஞ்சியது. "நீதானே இங்க இருந்த. அவங்க உன்னத் தாண்டித்தானே வந்தாங்க. சொல்லேன்."

"என்னில் இல்லை" என்றது பதிவேடு. அது பொய் சொல்லவில்லை.

'நான் பார்த்தேன், நான் சொல்லுதேன்' என்று பேனா துடித்தது. ஆனால் பேனாவின் பேச்சு அடுத்தவர் கையில் இருக்கிறது. அதிகாரி எழுதியதோ தன் சட்டைப்பையில் இருந்த சொந்தப் பேனாவால். 'கணினி பயன்பாட்டில் இல்லை. அலுவலகத் தேவைக்குத் திரும்பப் பெறலாம்.'

வியாழக்கிழமை வேன் வந்தது. இரண்டு ஆட்கள் தலையணை உறையை உருவிப் போட்டுவிட்டு ஒயர்களைப் பிடுங்கினார்கள். "வெள்ளிக்கிழமை கடைசி நாளு" என்றது கம்ப்யூட்டர். "ஒரு பொண்ணோட பாஸ்வேர்டு என்கிட்ட இருக்கு. இன்னும் ரெண்டே பக்கந்தான். ஒருநாள் பொறுங்க." ஒயரைப் பிடுங்கினபின் பேசுகிற பேச்சு யார் காதில் விழும்?

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் செண்பகவடிவு வந்தாள். இரண்டு நாளாகப் பிள்ளைக்குக் காய்ச்சல், அதனால்தான் வரவில்லை. இடுப்பில் பிள்ளை, கையில் பிளாஸ்டிக் பையில் எட்டாம் வகுப்புச் சான்றிதழ். மேசையைத் தாண்டி நேராக மூலைக்குப் போனாள். அங்கே கம்ப்யூட்டர் இருந்த இடம் மட்டும் தூசி இல்லாமல் சதுரமாகத் தெரிந்தது.

"சார், இங்க இருந்தது எங்க?"

அருமைநாயகம் நாற்காலியை விட்டு எழுந்தார். "எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா."

"ரிப்பேரா?"

"இல்ல. யாருமே வரலன்னு..."

"நான் வந்தேனே சார்."

அவர் பதிவேட்டைக் காட்டினார். அதைத் தவிர அவரிடம் காட்ட ஒன்றுமில்லை.

செண்பகவடிவு பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எங்கேயும் அவள் இல்லை. டவுனுக்குப் போக நாலரைக்குத்தான் பஸ். பாஸ்வேர்டோ, ஞாபகம் வைத்துக்கொள்கிறேன் என்றதோடு போய்விட்டது. சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

"இப்பப் பேரு எழுதுனா திரும்பக் கொண்டாருவாங்களா சார்?"

அருமைநாயகத்துக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "எழுதி வைங்கம்மா. கேட்டுப் பாப்போம்."

அவள் பேனாவை எடுத்தாள். ஒரு வருஷமாகப் பேனா காத்திருந்த விரல். பெயர்க் கட்டத்தில் நிறுத்தி நிதானமாக, ஒரு கொம்பு, ஒரு சுழி குறையாமல் எழுதினாள். செண்பகவடிவு. 'படித்த நூல்' வந்ததும் கை நின்றது. கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு கோடு போட்டாள்.

அப்படியே நேராகப் பீடிக்கடைக்குப் போனாள். அதுவரைக்கும் நாலு பேர் முன்னால் குரலை உயர்த்தாதவள், அன்றைக்கு உயர்த்தினாள். "நாம யாருமே வரலையாம்க்கா!"

"வரலையா? எவன் சொன்னான்?" என்று முத்துப்பேச்சி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "எட்டீ, எல்லாரும் எந்திரிங்க. போய்ப் பேர எழுதுவோம்."

சாயங்காலம் நூலக வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. ஒருத்தி பின் ஒருத்தியாக எழுதினார்கள். எழுதத் தெரியாதவள் பேரைப் பக்கத்தில் நிற்கிறவள் எழுதினாள். படித்த நூல் கட்டத்தில் எல்லாரும் செண்பகவடிவைப் பார்த்துக் கோடு போட்டார்கள். முத்துப்பேச்சி அன்றைக்கு ஜோக் சொல்லவில்லை.

கதவு சாத்தியதும் பதிவேட்டுக்குத் தலைகால் புரியவில்லை. "இருபத்து மூவர்! என் வாழ்நாளில் ஒரே தினத்தில் இருபத்து மூவர்!"

"சந்தோசமா இருக்கா?" என்றது மின்விசிறி. "எல்லாரும் அந்த மூலைல இல்லாதத எங்கன்னு கேக்க வந்தவங்க."

பதிவேடு காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஒரு மாதம் போனது. அருமைநாயகம் இரண்டு கடிதம் போட்டார், பதில் இல்லை. சத்துணவுக்கூடத்துக்கு வேறு ஊரிலிருந்து ஒருத்தி வேலைக்கு வந்து சேர்ந்தாள். செண்பகவடிவின் வீட்டில் பீடித்தட்டும் வெளியே போகவில்லை, பிள்ளையும் வெளியே போகவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு அவள் வரும்போது அந்த இருமல் மேசை வரைக்கும் கேட்டது. பேனா கேட்டுக்கொண்டே கிடந்தது.

அதற்கப்புறம் அதே அதிகாரி வந்தார். பதிவேட்டைப் புரட்டியவர் ஓரிடத்தில் நிறுத்தினார். முகம் மலர்ந்தது.

"என்ன சார் இது! ஒரே நாள்ல இருபத்து மூணு பேரா?"

"சார், அது வந்து... கம்ப்யூட்டர எடுத்த மறுநாளு..."

"அதத்தான் பாக்கேன். முந்தியெல்லாம் நாலு பேரு. அந்த மெஷினை எடுத்ததும் ஜனம் புஸ்தகத்துக்குத் திரும்பியாச்சு."

"இல்ல சார், அவங்க படிக்க வரல. நூல் கட்டத்துல கோடு போட்டிருக்காங்க, பாருங்க."

"கோடோ, புள்ளியோ, நமக்கு எண்ணிக்கைதான சார் முக்கியம்."

அதிகாரி சட்டைப்பையைத் தடவினார். அன்றைக்குப் பேனா கொண்டுவரவில்லை. மேசையில் கிடந்த பேனாவை எடுத்தார்.

பேனா மையை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டது. அவர் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தார், விழவில்லை. ஒரு உதறு உதறினார். அந்த உதறலில் மை இறங்கிவிட்டது. தான் பிறந்து இவ்வளவு நாளில் சொல்ல நினைத்த எதையும் சொல்லாத பேனா, அவர் சொன்னதை அழகாக எழுதியது.

'கணினி அகற்றப்பட்ட பின் வாசகர் வருகை பெரிதும் உயர்ந்துள்ளது.'

பதிவேடு தன் மேல் எழுதியதைப் படித்தது. "இது நடக்கவில்லையே" என்றது, சின்னக் குரலில். ஆனால் அதை எழுத அதற்கு ஒரு கட்டம் இல்லை.

அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைப் பழக்கத்தில் சட்டைப்பைக்குக் கொண்டுபோனார். நூல் வெடுக்கென்று இழுத்தது. அவர் குனிந்து ஆணியைப் பார்த்துச் சிரித்தார்.

"இத எதுக்கு சார் இப்படிக் கட்டிப் போட்டிருக்கீங்க?"

அருமைநாயகம் காலியாக இருந்த அந்த மூலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"யாராவது எடுத்துட்டுப் போயிருவாங்கன்னுதான் சார்."